பழைய தேக்குக் கதவுக்குச் சாமான் வாங்கும் முன்

அறுபது எழுபது வருஷம் மழையும் வெயிலும் தாங்கி நின்ற தேக்குக் கதவு, வீட்டைப் புதுப்பிக்கும் ஒரே வாரத்தில் கெட்டுப்போவதுண்டு. தரையில் டைல்ஸ் ஏறும், கதவின் அடியை அறுப்பார்கள். புதுப் பூட்டு வரும், நடுச்சட்டத்தின் மூட்டைக் குடைவார்கள். கீல் மாற்றும்போது ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். ஆறு மாதம் கழித்துக் கதவு தரையில் உரசத் தொடங்கினால், "பழைய மரம், அப்படித்தான் இருக்கும்" என்று பழி மரத்தின்மேல் விழும்.

கீலோ பூட்டோ, நல்ல சாமான் என்பது விலை கூடிய சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். கதவு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த வேலைக்குப் பொருந்துவதை எடுப்பதுதான் தேர்வு. அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கதவோடு உட்காருங்கள். கையில் ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும்.

கதவு எப்படி நிற்கிறது

பழைய பலகைக் கதவில் இரண்டு நெடுஞ்சட்டம், மூன்று நான்கு குறுக்குச்சட்டம், இடையில் பலகைகள். குறுக்குச்சட்டத்தின் முனையை மெல்லிய நாக்கு மாதிரி செதுக்கியிருப்பார்கள்; அது கழுந்து. நெடுஞ்சட்டத்தில் அதற்கான துளை, பொளி. கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். நெடுஞ்சட்டத்தின் ஓரத்தில் நீள்சதுரமாக வேறொரு மரத்தின் வெட்டுமுகம் தெரிந்தால், கழுந்து மறுபக்கம் வரை வந்திருக்கிறது என்று பொருள். அதன் மேலும் கீழும் ஆப்பு இறக்கியிருப்பார்கள். முன்பக்கம் மூட்டின் மேல் சின்ன வட்டங்கள் தெரிந்தால் அவை மூங்கில் ஆணியோ மர ஆணியோ. இப்படிச் செய்த கதவைப் பிடித்து வைத்திருப்பது அந்த வெட்டின் இறுக்கமும் ஆப்பும் ஆணியும். பசை போனாலும் அது நிற்கும்.

பலகையை விரலால் அழுத்திப் பார்த்தால் லேசாக ஆடும். அது கோளாறு இல்லை. தேக்கு நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். ஓர் அடி அகலப் பலகை, அறுத்த விதத்தையும் ஊரின் ஈரப்பதத்தையும் பொறுத்து, வருஷத்தில் ஒரு நூல் வரைகூட அசையலாம். அதாவது 3 மில்லிமீட்டர். அதற்காகத்தான் பலகையை ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள், அதாவது ஓரத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், சும்மா நிறுத்தியிருக்கிறார்கள். சட்டங்கள் நாலு அங்குலம்தான் என்பதால் அவற்றின் அசைவு மொத்தக் கதவு அகலத்தில் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. மூன்றடிக் கதவு பருவத்துக்குப் பருவம் இறுகாமல் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். புதுப்பிக்க வருபவர் "பலகை ஆடுதே" என்று காடியில் சிலிக்கானோ ஃபெவிகாலோ விட்டால், அடுத்த கோடையில் பலகை நடுவில் நீளமாக வெடிக்கும். ஆட்டம் சத்தம் போடும் அளவுக்கு இருந்தால், பலகையின் மேல் முனை நடுவிலும் கீழ் முனை நடுவிலும் ஒவ்வொரு சின்ன மூங்கில் ஊசி இறக்கினால் போதும். இரண்டு பக்கமும் அசைய இடம் இருக்கும்.

வேலையின் தரம் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் மறைவானவை. கழுந்தின் தோள், அதாவது கழுந்து தொடங்கும் இடத்துப் படி, சட்டத்தோடு சேரும் கோட்டில் ஒரு தாள் நுழைகிறதா? சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் அலங்காரக் கோடு மூலையில் எப்படிச் சந்திக்கிறது? தனியாகச் செய்த பட்டியை ஒட்டியிருக்கிறார்களா, சட்டத்தின் உடம்பிலேயே இழைத்திருக்கிறார்களா? இரட்டைக் கதவில் இரு பக்கப் பலகைகளின் ரேகையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்திருந்தால், ஒரே கனத்த பலகையைப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். அதற்கு நல்ல மரமும் அவசரமில்லாத தச்சரும் வேண்டும். பலகையின் பின்பக்கத்தைத் தடவினால் இழைப்புளி ஓடிய மெல்லிய பள்ளங்கள் விரலுக்குத் தெரியும். அதை மெஷின் வைத்துத் தேய்த்துச் சமமாக்கச் சொல்லாதீர்கள்.

குடுமி இருந்தால்

செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் பல கதவுகளுக்குக் கீலே கிடையாது. நெடுஞ்சட்டத்தின் மேல்முனையும் கீழ்முனையும் உருளையாக நீண்டிருக்கும், அதுதான் குடுமி. மேலே நிலையின் குழியிலும் கீழே கல்லிலோ இரும்புக் கிண்ணத்திலோ உட்கார்ந்து சுழலும். நல்ல கதவில் குடுமி தனியாகச் செருகிய துண்டாக இராது. நெடுஞ்சட்டத்தின் அதே மரம். அதற்காக ஒவ்வொரு முனையிலும் சில அங்குலம் கூடுதல் நீளமுள்ள மரத்தை எடுத்து, சுற்றியிருப்பதைச் செதுக்கி எறிந்திருக்கிறார்கள். ஒரு தடவை அறுத்தால் போனது போனதுதான்.

குடுமிக் கதவின் பெருமை எடை இறங்கும் விதத்தில் இருக்கிறது. முழுப் பாரமும் கீழ்க்குடுமி வழியாக நேராகக் கல்லில் இறங்கிவிடுகிறது. ஸ்க்ரூ என்ற ஒன்று இல்லாததால் தளர்வதற்கும் ஒன்றுமில்லை. தேய்வது கீழ்க்குடுமியின் நுனி மட்டும். கதவு அரை அங்குலம் இறங்கிவிட்டது என்றால் கீல் போடுவதற்கு முன் அந்த நுனியைப் பாருங்கள். பல கதவுகளில் மேல்குழி ஆழமாக இருக்கும். கதவை மேலே தூக்கினால் கீழ்க்குடுமி கிண்ணத்தைவிட்டு வெளியே வரும். இரண்டு பேர் பிடித்துக் கழற்றலாம். தேய்ந்த நுனிக்குப் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ லேத்தில் கடைந்த ஒரு தொப்பி மாட்டி, குழியில் அதே உலோகத்தில் ஒரு வட்டத் தகடு போட்டால் கதவு பழைய உயரத்துக்கு வரும். எண்ணெய் விடாதீர்கள்; தூசியோடு சேர்ந்து அது அரைக்கும் பசையாகிவிடும். மெழுகு தேய்த்தால் போதும்.

குடுமியை அறுத்துவிட்டுக் கீல் போடச் சொல்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் தரை. பழைய தரையின் மேலேயே பசை வைத்து டைல்ஸ் ஒட்டினால் 15 மில்லிமீட்டர் உயரும். சிமென்ட் கலவை போட்டு ஒட்டினால் 40, 50 மில்லிமீட்டர் உயரும். கதவின் அடிச்சட்டம் எட்டு அங்குலம் இருந்தாலும் அதன் கழுந்துக்குக் கீழே மிஞ்சியிருக்கும் மரம் கொஞ்சம்தான். அதற்கு மேல் அறுத்தால் பொளியின் அடிப்பக்கம் திறந்துகொள்ளும், ஆப்பு கீழே விழும், சட்டம் விலகும். ஆகவே கதவைத் தொடாமல் தரையை முடிவு செய்யுங்கள். பழைய தரையைப் பெயர்த்து அதே மட்டத்துக்குப் புதுத்தரை வரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லி, நிலையின் காலில் பென்சில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். தரை வேலைக்காரரும் தச்சரும் ஒரே நாளில் சந்திப்பதில்லை என்பதுதான் இந்தக் கெடுதலுக்கெல்லாம் மூலம்.

கீலுக்கு வரும் இழுப்பு

கீல் போட்ட கதவு என்றால் ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் உள்ள தேக்குப் பலகைக் கதவு சுமார் 40 கிலோ இருக்கும். அந்த எடை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொங்குகிறது. மேல்கீலுக்கும் கீழ்கீலுக்கும் இடைவெளி 1.7 மீட்டர் என்றால், மேல்கீலை நிலையிலிருந்து பிடுங்க முயலும் விசை 40-ஐ 0.5-ஆல் பெருக்கி 1.7-ஆல் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 12 கிலோ. இது இரவு பகல் ஓயாத இழுப்பு. 25 கிலோ குழந்தை ஒன்று கைப்பிடியில் தொங்கினால் இன்னொரு 14 கிலோ சேரும்.

இதே வாசலை இரட்டைக் கதவாகச் செய்தால் ஒவ்வொரு பக்கமும் 20 கிலோ, நடுப்புள்ளி கால் மீட்டர் தூரத்தில். இழுப்பு மூன்று கிலோதான். அகலம் பாதியானால் இழுப்பு கால்பங்கு. பழைய வீடுகளில் பெரிய வாசல்களுக்கெல்லாம் இரட்டைக் கதவு வைத்ததில் அழகோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. "ஒரே கதவாக மாற்றித் தாருங்கள், நவீனமாக இருக்கும்" என்று இரண்டையும் சேர்த்து ஒட்டச் சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஒரு மீட்டர் கதவுக்கு 5 அங்குலக் கீல் மூன்று, தகடு 3 மில்லிமீட்டர் கனம். உள் அறைகளின் லேசான கதவுக்கு 4 அங்குலம். மேல்கீல் கதவின் தலையிலிருந்து ஆறு அங்குலம் கீழே, கீழ்கீல் அடியிலிருந்து எட்டு முதல் பத்து அங்குலம் மேலே. இரண்டும் குறுக்குச்சட்டத்தின் கழுந்து இருக்கும் இடத்தில் விழக் கூடாது. விழுந்தால் ஸ்க்ரூ கழுந்தின் வெட்டுமுகத்துக்குள் போகும், அங்கே பிடிப்பு குறைவு. ஒரு அங்குலம் நகர்த்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கீலை எல்லோரும் நடுவில் போடுவார்கள். கதவு லேசாக இருந்து வளையும் பயம் இருந்தால் நடு சரி. கனத்த கதவுக்கு மேல்கீலுக்கு ஒரு அடி கீழே போடுவதே என் தேர்வு, இழுப்பு அங்கேதான் இருக்கிறது.

மூன்று கீல்களின் அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மேல்கீலிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒன்று ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கீல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கிறீச் என்ற சத்தம் வரும். ஒரு வருஷத்தில் ஸ்க்ரூ தளரும். எண்ணெய் விட்டால் சத்தம் போகும், காரணம் போகாது.

கீல் தகடு உட்காரும் பள்ளத்தின் ஆழம் தகட்டின் கனமே. ஆழம் கூடினால் கதவு முழுவதும் மூடும் முன்பே நிலையில் முட்டி நின்று, தள்ளினால் திரும்பி வரும். பலரும் அப்போது கதவின் ஓரத்தை இழைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். கீலைக் கழற்றி, தகட்டின் பின்னால் கனமான அட்டைத் துண்டு ஒன்றை வைத்து மீண்டும் முடுக்குங்கள். ஸ்க்ரூத் தலை தகட்டுக்கு மேலே துருத்தி நின்றாலும் இதே முட்டல் வரும்; அதையும் சரிபாருங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விடுவது வழக்கம். கோடையில் பொருத்துகிறீர்கள் என்றால் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், மழையில் பொருத்தினால் இறுக்கமாகவே இருக்கலாம்.

ஸ்க்ரூ

கீல் நூற்றுக்கணக்கில் விலை, ஸ்க்ரூ காசுக்குக் கிடைக்கிறது. கதவு தொங்குவது ஸ்க்ரூவில்தான். இங்கே நடக்கும் தவறு மூன்று.

முதலாவது, சுத்தியல். முக்கால் பாகம் அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் முடுக்குவது ஊரெல்லாம் நடக்கிறது. ஸ்க்ரூவின் மரை மரநாரை வெட்டி அதற்குள் உட்கார வேண்டியது. அடித்தால் நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அது ஆணியைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இரண்டாவது, ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ. வேகமாக இறங்கும் என்று கையில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். அது கடினப்படுத்திய இரும்பு. பக்கவாட்டு விசைக்கு வளையாமல் முறியும். தலை முறிந்து உடம்பு தேக்குக்குள் மாட்டிக்கொண்டால் அதை எடுக்க மரத்தைக் குடைந்தே ஆகவேண்டும்.

மூன்றாவது, துளையிடாமல் முடுக்குவது. தேக்குக்கு 8-ஆம் நம்பர் ஸ்க்ரூ என்றால் 3 மில்லிமீட்டர் பிட், 10-ஆம் நம்பருக்கு 3.5, 12-ஆம் நம்பருக்கு 4. ஐந்து அங்குலக் கீலுக்கு 10-ஆம் நம்பர், 50 மில்லிமீட்டர் நீளம் போடுங்கள். கீலோடு பெட்டியில் வரும் சின்ன ஸ்க்ரூக்களை ஒதுக்கி வையுங்கள். ஆனால் கீலின் துளைச்சரிவில் ஸ்க்ரூத் தலை முழுதாக அமிழ்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

பித்தளை ஸ்க்ரூ என்றால் இன்னும் பொறுமை. பித்தளை மெது, தேக்கில் நேராக முடுக்கினால் தலையின் வெட்டு சிதையும் அல்லது கழுத்து முறியும். துளையிட்டபின் அதே நம்பர் இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கிக் கழற்றி மரை வழியை உண்டாக்குங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகோ சோப்போ தேய்த்துக் கையால் முடுக்குங்கள், மெஷினால் வேண்டாம். வேலை முடிந்ததும் தலைவெட்டுகள் எல்லாம் ஒரே திசையில், மேலும் கீழுமாக நிற்கும்படி நிறுத்தும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் பலம் கூடாது. அப்படிச் செய்பவர் துளையையும் ஒழுங்காகத்தான் இட்டிருப்பார் என்று நம்பலாம்.

பழைய துளை பெரிதாகி ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் தீக்குச்சி செருகுவது ஒரு மாதத் தீர்வு. துளையை 10 மில்லிமீட்டருக்கு விரித்து, தேக்கில் செய்த அடைப்பை ஒட்டி, மறுநாள் புதிதாகத் துளையிட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: கடையில் கிடைக்கும் உருளைக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடும், அதற்குள் போகும் ஸ்க்ரூ நாரோடு நாராகப் போய்ப் பிடிப்பில்லாமல் நிற்கும். நார் குறுக்காக ஓடும்படி பலகையிலிருந்து வெட்டியெடுத்த அடைப்பு வேண்டும். ஒட்டும் முன் அடைப்பையும் துளையையும் தின்னரால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய் மேலே இருந்தால் பசை பிடிக்காது.

பித்தளையா, ஸ்டீலா?

கடையில் "பித்தளை" என்று கொடுப்பது மூன்று விதமாக இருக்கலாம்: வார்த்த பித்தளை, துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பித்தளை நிறம் ஏற்றியது, இரும்புக்கு முலாம் பூசியது. காந்தம் ஒட்டினால் கடைசி வகை. முதல் இரண்டையும் பிரிக்க, பின்பக்கம் கதவோடு மறையும் இடத்தில் கத்தி முனையால் ஒரு கீறு. உள்ளே மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் வெளுப்பாக இருந்தால் துத்தநாகம். துத்தநாகக் கைப்பிடி அலமாரிக்குப் பரவாயில்லை. வாசல்கதவில் அதன் ஸ்க்ரூக் காது ஒருநாள் உடையும். உடைந்ததை ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. பித்தளை என்றால் லேத்தில் ஒரு பட்டறைக்காரர் சரிசெய்து தருவார். நூறு வருஷம் கழித்தும் தருவார்.

புதுப் பித்தளையின் மேல் பளபளப்பு நிற்க லாக்கர் பூசியிருப்பார்கள். அது இருக்கும்வரை புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. திட்டுத்திட்டாக உரியும், உரிந்த இடம் மட்டும் கறுக்கும். லாக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தால் முழுவதையும் தின்னரால் எடுத்துவிட்டு, புளியும் சாம்பலும் வைத்துத் துலக்கும் பழைய வழிக்கு வந்துவிடலாம். கை படும் இடம் தானாக மின்னும், மூலைகள் கறுத்து நிற்கும். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தரம் 202-ஆ, 304-ஆ? 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். விலை குறையும், துரு தாங்கும் சக்தியும் குறையும். "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், 304-தான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். 202-உம் காந்தத்தில் ஒட்டாது. வளைத்து அழுத்திய விளிம்பில் அசல் 304-கூட லேசாக இழுக்கும். சாமானிலேயே 304 என்று அச்சிட்டதை வாங்குங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பெரிய ஸ்டீல் கடைகளில் ஒரு சொட்டு சோதனைத் திரவம் வைத்து மாங்கனீஸ் இருக்கிறதா என்று காட்டுவார்கள், கேட்டால் செய்வார்கள். பெசன்ட் நகர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்காற்று முகத்தில் அடிக்கும் இடமென்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 அல்லது நல்ல பித்தளை. ஒரே கீலில் பித்தளைத் தகடும் இரும்பு ஸ்க்ரூவும் கலக்க வேண்டாம். உப்பு ஈரம் பட்டால் இரும்பு வேகமாக அரிக்கும்.

பூட்டு

சட்டத்துக்குள் புதையும் மார்ட்டைஸ் பூட்டுதான் பழைய கதவுக்கு அதிகக் கேடு செய்வது. பூட்டுப் பெட்டியின் கனம் 16 முதல் 20 மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் சட்டத்தில் அதைப் புதைத்தால் இரண்டு பக்கமும் ஒன்பது பத்து மில்லிமீட்டர் மரம் மிஞ்சும், சரி. 30 மில்லிமீட்டர் சட்டத்தில் ஐந்து ஆறுதான் மிஞ்சும். ஒரு உதைக்குப் பிளக்கும். அடுத்தது இடம். கைப்பிடி வசதியாக இருக்கும் ஒரு மீட்டர் உயரத்தில்தான் பழைய கதவின் நடுக் குறுக்குச்சட்டமும் இருக்கும். அங்கே குடைந்தால் கழுந்து முழுதாக வெட்டுப்படும். கதவின் இடுப்பே போய்விடும். விளிம்பில் கழுந்தின் நீள்சதுரம் எங்கே தெரிகிறதோ, அதற்கு முழுக்க மேலேயோ கீழேயோ பூட்டை நகர்த்த வேண்டும். கைப்பிடி நாலு அங்குலம் மேலே போனால் கைக்குப் பழகிவிடும்.

சாவி நுழையும் உருளையான சிலிண்டரின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். கதவின் கனம், இரண்டு பக்கத் தகட்டின் கனம் எல்லாம் சேர்த்து வரும் அளவுதான் சிலிண்டர். வெளிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் இடுக்கியால் பிடித்து முறிக்க வழி கிடைக்கும்.

சட்டம் மெல்லியதென்றால் உள்பக்கம் மேலே பொருத்தும் நைட் லாட்ச் போதும். கதவில் 32 மில்லிமீட்டர் சிலிண்டர்த் துளை ஒன்று மட்டும் விழும். இதைவிட எளிய வழி பலர் வீட்டிலேயே இருக்கிறது: பழைய நாதாங்கியும் சங்கிலியும். அதைக் கழற்றி எறியாமல் திண்டுக்கல் பூட்டு ஒன்றை மாட்டலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டு கையால் ராவி, ஒவ்வொரு சாவிக்கும் தனியாக நெம்புகளை (லீவர்) அமைத்துச் செய்வது. சாவி திரும்பும்போது ஒவ்வொரு நெம்பையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கும். எல்லா நெம்பின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். அதில் ஒரு வகையான மாங்காய்ப் பூட்டை எடுத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள், அந்தத் தடங்கலற்ற கனம் கைக்குத் தெரியும். எந்தப் பூட்டாக இருந்தாலும் சாவித் துவாரத்தில் எண்ணெய் வேண்டாம். பென்சில் கரித்தூளை ஊதிவிடுங்கள்.

தாழ்ப்பாள் விஷயம் சுருக்கம். இரட்டைக் கதவில் முதலில் மூடும் பக்கத்துக்கு மேலே 12 அங்குலம், கீழே 8 அங்குலம் டவர் போல்ட், கம்பி 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் துளையில் ஒரு உலோகக் கிண்ணம் பதியுங்கள்; வெறும் துளையாக விட்டால் பெருக்கும் மண் நிறைந்து கம்பி இறங்காது.

பெயின்ட் எடுப்பதும் பாலிஷும்

பழைய கதவில் நாலைந்து அடுக்கு எனாமல் இருந்தால், அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். ஊதுவிளக்கு வைத்தால் புகையாக மூச்சில் போகும். ரிமூவர் பூசி, ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே வழி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டாம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் கதவை ஊறப்போடும் இடங்கள் உண்டு; சீக்கிரம் முடியும், ஆனால் மரநார் எழுந்து மூட்டுகள் இளகித் திரும்பும்.

சாமானையெல்லாம் முதலில் வெறும் மரத்தில் பொருத்தி, கதவை ஓடவிட்டுப் பார்த்து, திரும்பக் கழற்றி, அதன்பின் பாலிஷ். காய்ந்ததும் அதே துளைகளில் மறுபடி மாட்ட வேண்டும். கீலின் மேல் பாலிஷ் வழிந்த கதவு, இந்த வரிசையைத் தாண்டிய கதவு. அரக்கு பாலிஷ் உள்கதவுக்கு மிக அழகு. மழைச்சாரல் படும் வாசலில் வெளுத்துவிடும். அங்கே ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக மூன்று நாள் இடைவிட்டுப் பூசலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துத் திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

பழைய கதவை வாங்குவதானால்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, தூண், பித்தளைக் குமிழ், வளையம் எல்லாம் கிடைக்கும். கதவோடு நிலையும் சேர்ந்ததை வாங்குங்கள். குடுமிக் கதவு நிலையில்லாமல் வந்தால் பாதிதான் வந்திருக்கிறது. அடிச்சட்டத்தையும் கீழ்க்குடுமியையும் முதலில் பாருங்கள், ஈரமும் கரையானும் அங்கேதான் ஏறும். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் உளுத்த இடம் பொத்தென்று கேட்கும். முன்பக்கம் கறுத்து, பொளியின் உள்சுவரும் அதே கறுப்பாக இருந்தால் சாயம் ஏற்றிய புதுவேலையாக இருக்கக்கூடும். காற்றுப் படாத இடம் தேன்நிறத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கதவுகள் பல ஆறடிக்கும் குறைவு. இன்றைய ஏழடி வாசலுக்கு வைக்க, கதவில் துண்டு சேர்த்து நீட்டாதீர்கள். நிலைக்கு மேலே ஓர் அடிக்குக் கம்பியோ மர ஜாலியோ வைத்து நிரப்பினால் கதவும் கெடாது, காற்றும் வரும்.

கூலி பேசும்போது "கதவுக்கு இவ்வளவு" என்று பேசாமல் நாள்கூலியாகப் பேசுங்கள். உளியால் பள்ளம் எடுத்து மூன்று கீலை அச்சுப் பிசகாமல் இறக்க அரைநாள் ஆகும், பூட்டுக்கு இன்னொரு அரைநாள். கதவுக்கணக்கில் பேசினால் அந்த அரைநாளை மிச்சப்படுத்தச் சுத்தியல்தான் கைக்கு வரும். முதல் கீல் இறங்கியதும் ஒருமுறை அருகில் போய்த் தகட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாமல் மரத்திலிருந்து உலோகத்துக்கும் உலோகத்திலிருந்து மரத்துக்கும் வழுக்கிப் போனால், மீதி வேலையை அவரிடம் விட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போகலாம்.